வட்டியில்லாத வங்கி எப்படிச் சம்பாதிக்கிறது?

வட்டி வாங்காத, வட்டி கொடுக்காத வங்கி என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு வரும் முதல் கேள்வி, அப்புறம் அது எதில்தான் சம்பாதிக்கிறது என்பது. நியாயமான கேள்வி. இஸ்லாமிய வங்கி ஒரு தர்ம ஸ்தாபனம் இல்லை. பங்குதாரர்களுக்கு லாபம் காட்ட வேண்டும், ஊழியர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், கிளைகளுக்கு வாடகை கட்ட வேண்டும். சவுதியிலும் மலேசியாவிலும் பாகிஸ்தானிலும் இந்த வங்கிகள் நன்றாகவே லாபம் பார்க்கின்றன. உலகம் முழுக்க இந்தத் துறையின் சொத்து மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

சுருக்கமான பதில் இதுதான்: பணத்தைக் கடனாகக் கொடுத்து அது சம்பாதிப்பதில்லை. பொருளை வாங்கி விற்றும், வாடகைக்கு விட்டும், தொழிலில் கூட்டுச் சேர்ந்தும் சம்பாதிக்கிறது. உடனே அடுத்த சந்தேகம் வரும். பெயரை மாற்றி வைத்துக்கொண்டு வட்டியைத்தானே வாங்குகிறார்கள்? இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம், நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. ஆனால் எந்த ஒப்பந்தத்தையும் உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும். அந்தப் பொருள் நடுவில் நிஜமாகவே வங்கியின் சொத்தாக இருந்ததா, இருந்த நேரத்தில் அதற்கு ஏதாவது ஆகியிருந்தால் நஷ்டம் யார் தலையில்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு போகப் போகிறேன்.

எது தடை?

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 275ஆம் வசனம் வியாபாரத்தை அனுமதிக்கிறது, வட்டியைத் தடுக்கிறது. அதே வசனத்தில் அன்றைய மனிதர்களின் ஆட்சேபமும் பதிவாகியிருக்கிறது: வியாபாரமும் வட்டி மாதிரிதானே என்று அவர்கள் கேட்டார்கள். ஆக, நமக்கு வந்த சந்தேகத்துக்கு 1,400 வயது ஆகிறது. சற்றுத் தள்ளி 280ஆம் வசனம், கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. தள்ளுபடி செய்வது இன்னும் மேல் என்கிறது.

இதிலிருந்து சட்ட அறிஞர்கள் எடுத்த அடிப்படை எளிமையானது. பணத்தைக் கடனாகக் கொடுத்தால் கொடுத்த தொகையைத்தான் திருப்பிக் கேட்கலாம். கூடுதலாக இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வாங்கினால் அது ரிபா, அதாவது வட்டி. கந்துவட்டிதான் தப்பு, வங்கி வட்டி பரவாயில்லை என்ற வாதத்தைப் பெரும்பான்மை அறிஞர்கள் ஏற்பதில்லை. லாபம் வேண்டுமென்றால் ஒரு பொருளையோ தொழிலையோ கையில் எடுத்து, அதில் வரக்கூடிய நஷ்டத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். நஷ்டத்தைச் சுமக்காதவருக்கு லாபத்தில் உரிமை இல்லை என்பது இஸ்லாமியச் சட்டத்தின் பழைய விதி.

வட்டியோடு இன்னும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று கரர்: எதை விற்கிறோம், கையில் இருக்கிறதா, கொடுக்க முடியுமா என்று தெரியாத வியாபாரம். இன்னும் பிடிக்காத மீனையும் வானத்தில் பறக்கிற பறவையையும் பழைய நூல்கள் உதாரணம் காட்டும். மற்றது மைசிர், சூதாட்டம். வழக்கமான இன்சூரன்ஸில் இந்த இரண்டும் கலந்திருக்கிறது என்று பல அறிஞர்கள் கருதுவதால், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் நன்கொடையாகப் பணம் போட்டு இழப்பை ஈடுகட்டும் தகாஃபுல் முறை வந்தது. மதுபானம், பன்றி இறைச்சி, சூதாட்ட விடுதி போன்ற தொழில்களுக்கு இஸ்லாமிய வங்கி பணம் போடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நூல் வாங்கப் போகிறவர்

பாகிஸ்தானின் பைசலாபாத் ஜவுளி ஊர். அங்கே ஒரு விசைத்தறிக்காரருக்கு 10 லட்சம் ரூபாய்க்கு நூல் தேவை, கையில் பணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வங்கி 10 லட்சத்தைக் கடனாகக் கொடுத்து, வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று வட்டி போடும். அவர் அந்தப் பணத்தில் நூல் வாங்கினாரா, வேறு கடனை அடைத்தாரா என்பது வட்டிக் கணக்கை மாற்றாது.

இஸ்லாமிய வங்கியில் நடப்பது முராபஹா. அவர் தனக்கு இன்ன ரக நூல் வேண்டும், வங்கி வாங்கினால் அதனிடமிருந்து தான் வாங்கிக்கொள்வதாக எழுதித் தருகிறார். வங்கி நூல் மில்லுக்கு 10 லட்சம் கட்டி நூலைத் தன் சொத்தாக வாங்குகிறது. அப்புறம் அதை அவருக்கு 11 லட்சத்து 20 ஆயிரத்துக்கு, ஒரு வருடத் தவணையில் விற்கிறது. வாங்கிய விலை எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். முராபஹாவுக்கு இது கட்டாய நிபந்தனை.

கடைசித் தொகை வட்டிக் கடனோடு ஒத்துப்போகலாம். அப்படியானால் வித்தியாசம் என்ன? மில்லிலிருந்து வங்கி வாங்கிய நேரத்துக்கும் தறிக்காரருக்கு விற்ற நேரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் குடோனில் தீப்பிடித்து நூல் எரிந்தால் நஷ்டம் வங்கிக்குத்தான். தறிக்காரர் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. வங்கிக்கு லாபத்தில் உரிமை கொடுப்பது இந்த இடைவெளிதான். இது இல்லாவிட்டால் காகிதத்தில் மட்டும்தான் வியாபாரம்.

தவணைக்கு விற்றால் விலையைக் கூட்டலாமா என்று கேட்பீர்கள். கூட்டலாம் என்பதே பெரும்பான்மைச் சட்ட மரபு. ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்பது கடைத்தெருவில் என்றும் உள்ள வழக்கம். ஆனால் விலை ஒருமுறை பேசி முடிந்துவிட்டால் அது கல்லில் எழுதியது மாதிரி. தறிக்காரர் ஆறு மாதம் தாமதித்தாலும் 11,20,000 என்ற தொகை ஏறாது. வட்டிக் கடனில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பாக்கி வளர்ந்துகொண்டே போகும், இங்கே வளராது. வேண்டுமென்றே இழுத்தடிப்பவர்களைத் தடுக்க ஒரு அபராதம் வைத்திருப்பார்கள். பாகிஸ்தானில் அந்தப் பணத்தை வங்கி தன் வருமானத்தில் சேர்க்கக் கூடாது, தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது நடைமுறைக்கு வருவோம். பல வங்கிகள் நூல் வாங்கும் வேலையை அந்தத் தறிக்காரரிடமே தங்கள் ஏஜெண்ட் என்று கொடுத்துவிடுகின்றன. அவரே போய் வாங்குவார், அவரே வங்கியிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் போடுவார். இடைவெளி சில மணி நேரமாக, சில சமயம் சில நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. லாப விகிதத்தையும் வங்கிகளுக்கிடையிலான வட்டி விகிதமான கிபோரைப் பார்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். ஒரு விலையை எதோடு ஒப்பிட்டு வைத்தோம் என்பதால் மட்டும் வியாபாரம் ஹராமாகிவிடாது என்பது அறிஞர்களின் பதில், அது சரிதான். ஆனாலும் ஒரு மாற்று வழியாகப் பிறந்த துறை, எதற்கு மாற்றாக வந்ததோ அதையே பார்த்து விலை போட்டுக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

வீடு வாங்கும்போது

வீட்டுக் கடனில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் நன்றாகப் புரியும்.

மலேசியாவில் ஆரம்ப காலத்தில் பரவலாக இருந்தது பய் பிதமன் ஆஜில். வீட்டை வங்கி வாங்கி, 20, 25 வருடத்து லாபத்தையும் சேர்த்து ஒரே விலையாக விற்றுவிடும். ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி 25 வருடத் தவணையில் சுமார் 9,92,000 ரிங்கிட் விலை போடப்பட்டது. அவர் சுமார் 33,000 கட்டிய பிறகு நிறுத்திவிட்டார். வங்கி மீதி முழுவதையும், சுமார் 9,58,000 ரிங்கிட்டை, கேட்டு வழக்குப் போட்டது. இது விற்பனை, விலை பேசி முடித்தாயிற்று, ஆகவே மொத்த விலையும் பாக்கி என்பது வங்கியின் வாதம். யோசித்துப் பாருங்கள், சாதாரண வட்டிக் கடனாக இருந்திருந்தால் அந்த நாள் வரைக்குமான அசலும் வட்டியும் மட்டும்தான் கேட்டிருக்க முடியும். இன்னும் வராத 20 வருடத்துக்கும் சேர்த்து லாபம் கேட்பது நியாயமில்லை என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிற்பாடு மத்திய வங்கி, முன்கூட்டியே கணக்கு முடிந்தால் வராத காலத்து லாபத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இப்ரா என்ற இந்தத் தள்ளுபடி அதுவரை வங்கியின் தயவாக இருந்தது.

இந்த வழக்கை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வட்டி இல்லை என்ற ஒன்றே வாடிக்கையாளரைக் காப்பாற்றிவிடாது. விற்பனை ஒப்பந்தத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கருணையை விட்டுவிட்டால் அது வட்டியைவிடக் கொடியதாகவும் ஆகலாம்.

இரண்டாவது வழி, குறைந்துகொண்டே போகும் கூட்டு: முஷாரகா முதனாகிஸா. பாகிஸ்தானில் இஸ்லாமிய வீட்டுக் கடன் என்றால் பெரும்பாலும் இதுதான். 1 கோடி ரூபாய் வீட்டை நீங்களும் வங்கியும் சேர்ந்து வாங்குகிறீர்கள். உங்கள் பங்கு 20 லட்சம், வங்கி பங்கு 80 லட்சம். வீட்டுக்கு மாதம் 1 லட்சம் வாடகை என்றால், வங்கிக்குச் சொந்தமான 80 சதவீதத்துக்காக நீங்கள் 80,000 வாடகை தருகிறீர்கள். வங்கியின் பங்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டே வருகிறீர்கள். 8 லட்சத்துக்கு வாங்கி முடித்தால் வங்கியின் பங்கு 72 சதவீதமாகும், வாடகையும் 72,000 ஆகும். கடைசித் துண்டையும் வாங்கிய அன்று வீடு முழுக்க உங்களுடையது.

இங்கே உரசிப் பார்க்கும் கேள்விக்கு ஓரளவு நல்ல பதில் கிடைக்கிறது. பூகம்பத்தில் வீடு இடிந்தால் இருவருக்கும் பங்கு விகிதத்தில் நஷ்டம். குடியிருக்க வீடு இல்லாதபோது வாடகையும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கங்களைப் புரட்ட வேண்டும். வங்கியின் பங்கை எந்த நிலைமையிலும் முன்பு பேசிய விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று தனியாக உறுதிமொழி வாங்கியிருப்பார்கள். வீட்டின் சந்தை விலை விழுந்தால் அந்த இழப்பு வாடிக்கையாளருக்கே.

கூட்டு என்ற கனவு

1950, 60களில் இஸ்லாமியப் பொருளாதாரம் பற்றி எழுதியவர்கள் மனதில் இருந்தது முராபஹா இல்லை. முதாரபாவும் முஷாரகாவும்தான் வங்கியின் முதுகெலும்பாக இருக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். முதாரபாவில் ஒருவர் பணம் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். நஷ்டம் வந்தால் பணம் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். நபிகள் நாயகம் இளம் வயதில் அன்னை கதீஜாவின் சரக்கைச் சிரியாவுக்குக் கொண்டுபோய் வியாபாரம் செய்தது இந்த மாதிரியான ஏற்பாட்டில்தான். முஷாரகாவில் இரண்டு பேரும் பணம் போடுவார்கள்.

நடைமுறையில் வங்கிகள் இதைத் தொடத் தயங்குகின்றன. பணம் வாங்கிய தொழிலதிபர் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்து, லாபமே இல்லை என்று காட்டினால் வங்கி என்ன செய்யும்? வரிக்காகக் கணக்கை மறைக்கும் பழக்கம் உள்ள ஊர்களில் இது வெறும் பயம் இல்லை. மேலும் வங்கியில் இருப்பது பொதுமக்களின் சேமிப்பு. அதை எந்தத் தொழிலிலும் துணிந்து இறக்க முடியாது. அதனால் பெரும்பாலான நாடுகளில் முராபஹாவும் அதன் உறவுக்கார ஒப்பந்தங்களுமே இன்று கணக்கில் பெரும்பங்கு.

டெபாசிட் பக்கம் மட்டும் முதாரபா உயிரோடு இருக்கிறது. நீங்கள் சேமிப்புக் கணக்கில் போடும் பணம், வங்கி என்ற தொழில்காரரிடம் நீங்கள் கொடுத்த முதல். மாத முடிவில் வந்த லாபத்தை, சொல்லிவைத்த விகிதத்தில் பிரித்துத் தருவார்கள். இத்தனை சதவீதம் நிச்சயம் என்று உறுதி தரக் கூடாது. கோட்பாட்டின்படி நஷ்டம் வந்தால் உங்கள் அசலும் குறையலாம். அப்படிக் குறைந்தால் அடுத்த நாளே கூட்டம் பக்கத்து வங்கிக்கு ஓடிவிடும் என்பதால், நல்ல மாதங்களில் லாபத்தில் கொஞ்சத்தை ஒதுக்கிவைத்து மோசமான மாதங்களில் நிரப்புகிறார்கள். மலேசியா 2013இல் கொண்டுவந்த சட்டம் இந்தக் குழப்பத்தை நேர்மையாகப் பிரித்தது. அசலுக்கு உறுதி உள்ளது டெபாசிட். உறுதி இல்லாதது முதலீட்டுக் கணக்கு. அதற்கு டெபாசிட் இன்சூரன்ஸ் கிடையாது, அதைக் கணக்குத் தொடங்கும்போதே வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். மற்ற நாடுகளும் இதைப் பின்பற்றலாம் என்பது என் அபிப்பிராயம்.

நைல் டெல்டாவில் ஒரு சின்ன ஊர்

நவீன இஸ்லாமிய வங்கியின் கதை பெட்ரோல் பணத்தில் தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே எகிப்தில் மித் கம்ர் என்ற ஊரில் 1963இல் அகமது அந்நஜ்ஜார் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார். அவர் ஜெர்மனியில் படித்தவர், அங்கே ஊருக்கு ஊர் இருந்த சேமிப்பு வங்கிகளைப் பார்த்துவந்தவர். நைல் டெல்டாவின் விவசாயிகள் வட்டி பாவம் என்று வங்கிப் பக்கமே போகாமல் பணத்தை வீட்டில் வைத்திருந்தார்கள். அவர்களிடம் சின்னத் தொகைகளாகச் சேமிப்பு வாங்கி, சேமித்தவர்களுக்கே வட்டியில்லாக் கடனும் தொழில் பங்கும் கொடுத்தது இந்த வங்கி. எகிப்து அதிபர் நாசரின் ஆட்சியில் மதச் சாயம் ஆபத்து என்பதால் இஸ்லாம் என்ற சொல் பெயர்ப் பலகையில் இல்லை. சில வருடங்களில் அது நின்றுபோனாலும், 1971இல் கெய்ரோவில் நாசர் சமூக வங்கி அந்த யோசனையைத் தொடர்ந்தது.

அதே 1963இல் மலேசியாவில் ஹஜ் சேமிப்பு நிதி செயல்படத் தொடங்கியது. கிராமத்து மலாய்க்காரர்கள் ஹஜ்ஜுக்குப் போக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து ஏழையாகிப் போவதைப் பார்த்த பொருளாதாரப் பேராசிரியர் உங்கு அஜீஸ் 1959இல் முன்வைத்த திட்டம் அது. வட்டி கலக்காமல் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்தப் பணத்தைத் தொழிலில் போட்டு, போதிய தொகை ஆனதும் மக்கா போகலாம். தபுங் ஹாஜி என்ற பெயரில் இன்று அது மலேசியாவின் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்று. இந்த இரண்டு முயற்சிகளும் ஏழைகளின் சேமிப்பிலிருந்து பிறந்தவை. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் காட்சி மாறியது. 1975இல் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, அதே வருடம் துபாய் இஸ்லாமிக் வங்கி, 1977இல் குவைத் ஃபைனான்ஸ் ஹவுஸ், 1983இல் மலேசியாவின் பேங்க் இஸ்லாம் என வரிசையாக வந்தன.

நாட்டுக்கு நாடு

ஈரான் 1983இல் சட்டம் போட்டு, அடுத்த வருடத்திலிருந்து நாட்டின் எல்லா வங்கிகளையும் வட்டியில்லா வங்கி என்று அறிவித்தது. சூடானும் கிட்டத்தட்ட அதே காலத்தில் அப்படியே செய்தது. சூடானில் கவனிக்க வேண்டியது விவசாயிகளுக்கான சலம் ஒப்பந்தம்: விதைக்கும் முன்பே வங்கி முழு விலையையும் கொடுத்துவிடும், அறுவடையில் தானியமாக வாங்கிக்கொள்ளும். பணவீக்கம் ஏறியபோது முன்பு பேசிய விலை அறுவடைக் காலத்தில் அடிமாட்டு விலையாகத் தெரிந்தது. அதனால் விலை அளவுக்கு மீறி மாறினால் விவசாயிக்கு ஈடு கொடுக்கும் நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். பழைய சட்ட வடிவத்தை இன்றைய கஷ்டத்துக்கு ஏற்ப வளைத்த நல்ல உதாரணம் இது.

மற்ற நாடுகளில் இரண்டு வகை வங்கிகளும் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன. துருக்கியில் மதச்சார்பின்மை காரணமாக இவற்றுக்குப் பங்கேற்பு வங்கிகள் என்று பெயர். இந்தோனேசியாவில் 1991இல் பேங்க் முஆமலாத் உருவானது; 2021இல் மூன்று அரசு இஸ்லாமிய வங்கிகளை இணைத்து பேங்க் சரியா இந்தோனேசியா ஆக்கினார்கள். ஓமான் 2011 வரை அனுமதியே தரவில்லை. நம் பக்கத்தில் இலங்கையில் அமானா வங்கி 2011இல் முழு வங்கியாகத் தொடங்கியது. இந்தியாவில் 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது, 2017இல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு எடுப்பதில்லை என்று முடித்துக்கொண்டது. வங்கிகள் நேரடியாகப் பொருள் வாங்கி விற்கக் கூடாது என்று இந்திய வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் சொல்கிறது. முராபஹாவுக்கு அங்கேயே கதவு மூடிவிடுகிறது.

மலேசியாதான் சட்ட அமைப்பில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறது. வீடு இரண்டு முறை கைமாறினாலும் முத்திரைத் தீர்வை இரண்டு முறை விழாமல் வரிச் சட்டத்தைத் திருத்தியது. மத்திய வங்கியின் ஷரீஆ, அதாவது இஸ்லாமியச் சட்ட, ஆலோசனைக் குழு சொல்வது நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். ஒரு அறிஞர் ஒரே நேரத்தில் பல வங்கிகளின் ஷரீஆ குழுவில் உட்கார முடியாது. வளைகுடாவில் நீண்ட காலமாக ஒரு சிலரே பத்துப் பதினைந்து குழுக்களில் இருந்து வந்தார்கள். வங்கியின் ஒப்பந்தத்தை ஹலால் என்று சான்று தருபவருக்குச் சம்பளம் தருவதும் அதே வங்கி என்பதால், மலேசியாவின் இந்தக் கட்டுப்பாடு முக்கியமானது.

ஆனால் கண்டிப்பில் மலேசியா தளர்ந்தது என்று வளைகுடா அறிஞர்கள் குறை சொல்வார்கள். பொருளை விற்று அதே ஆளிடமிருந்து உடனே திரும்ப வாங்கும் பய் அல் ஈனா மலேசியாவில் பல வருடம் புழங்கியது. வளைகுடாவில் அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் வந்து சேர்ந்த இடம் தவர்ருக். உங்களுக்கு 50,000 ரிங்கிட் ரொக்கம் வேண்டும் என்று வையுங்கள். வங்கி அந்தத் தொகைக்குப் பாமாயில் வாங்கி, உங்களுக்கு 58,000க்குத் தவணையில் விற்கிறது. பிறகு உங்கள் சார்பாக அதே பாமாயிலை மூன்றாவது ஆளுக்கு 50,000 ரொக்கத்துக்கு விற்று, பணத்தை உங்கள் கணக்கில் போடுகிறது. மொத்த வேலையும் கணினியில் சில நிமிடம். இதற்கென்றே மலேசியப் பங்குச் சந்தை 2009இல் சூக் அல் சிலா என்ற தளத்தைத் திறந்தது. நீங்கள் அந்தப் பாமாயிலைப் பார்க்கவும் இல்லை, ஒரு லிட்டர்கூட உங்களுக்குத் தேவையும் இல்லை. அதே 2009இல் ஷார்ஜாவில் கூடிய, இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் அமைப்பான சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, வங்கிகள் இப்படி ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக் கூடாது என்று தீர்மானம் போட்டது. வங்கிகள் நிறுத்தவில்லை, பல நாடுகளில் தனிநபர் கடனுக்கு இன்றும் இதுதான் வழி. உரசிப் பார்க்கும் கேள்வியை இங்கே கேட்டால் பதில் மிக மெலிதாக வருகிறது. என்னால் இதை வியாபாரம் என்று மனதார ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அரசாங்கம் கடன் வாங்கினால்

அரசும் பெரிய நிறுவனங்களும் கடன்பத்திரம் விட்டுப் பணம் திரட்டுகின்றன. அதன் இஸ்லாமிய வடிவம் சுகூக். கடன்பத்திரம் வாங்கினால் உங்களிடம் இருப்பது கடன் சீட்டு. சுகூக் வாங்கினால் ஒரு சொத்தில் பங்கு. அரசு ஒரு கட்டடத்தையோ சாலையையோ இதற்கென அமைத்த தனி நிறுவனத்துக்கு விற்கிறது. அந்த நிறுவனம் மக்களிடம் சுகூக் விற்றுத் திரட்டிய பணத்தை அரசுக்குத் தருகிறது. அரசு அதே சாலையை வாடகைக்கு எடுத்து, வாடகையைச் சுகூக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. தவணை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது. 2002இல் மலேசியா 60 கோடி டாலருக்கு உலகச் சந்தையில் சுகூக் விட்டது. ஒரு அரசாங்கம் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை.

இங்கேயும் அதே சிக்கல். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயோஃபி என்ற தரநிர்ணய அமைப்பின் ஷரீஆ குழுத் தலைவராக இருந்த பாகிஸ்தான் அறிஞர் தகி உஸ்மானி 2007இல் வெளிப்படையாகவே கண்டித்தார். சொத்தின் மதிப்பு என்ன ஆனாலும் போட்ட தொகைக்கே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி தந்தால் முதலீட்டாளருக்கு நஷ்டமே வராது, அப்புறம் இது கூட்டு எப்படி ஆகும் என்பது அவர் கேள்வி. அடுத்த வருடம் ஆயோஃபி விதிகளை இறுக்கியது.

2017இல் ஷார்ஜாவைச் சேர்ந்த டானா கேஸ் நிறுவனம் இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியது. தான் விட்ட 70 கோடி டாலர் சுகூக்குக்குத் தவணை நெருங்கியபோது, இந்தப் பத்திரம் ஷரீஆவுக்குப் பொருந்தாது, ஆகவே சட்டப்படி செல்லாது, பணம் தர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தின் ஒரு பகுதி ஆங்கிலேயச் சட்டத்தின் கீழ் இருந்ததால் லண்டன் நீதிமன்றம் விசாரித்து, திரும்ப வாங்கும் உறுதிமொழி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த வருடம் இரு தரப்பும் பேசி முடித்துக்கொண்டார்கள். முதலீட்டாளர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி: ஷரீஆ குழு ஒரு காலத்தில் சரி என்று முத்திரை குத்தியதை, கடன்பட்டவரே பிறகு வந்து ஹராம் என்று சொல்ல முடிகிறதே!

இப்போது எல்லாருடைய பார்வையும் பாகிஸ்தான் மேல். அங்கே வட்டி வழக்கு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 1991இல் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் வட்டிச் சட்டங்கள் இஸ்லாத்துக்கு எதிரானவை என்றது, 1999இல் உச்ச நீதிமன்றத்தின் ஷரீஅத் அமர்வு அதை உறுதி செய்தது, 2002இல் வழக்கு மறுபடி கீழே அனுப்பப்பட்டது. 2022 ஏப்ரலில் ஷரீஅத் நீதிமன்றம் 2027 முடிவதற்குள் வட்டியை ஒழிக்கச் சொன்னது. 2024 அக்டோபரில் 26ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 2028 ஜனவரி 1ஐ இலக்காக எழுதிவைத்தது.

வங்கிகளை மாற்றுவதுகூடச் சாத்தியம். 2002இல் தொடங்கிய மீஸான் வங்கி இன்று அந்நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்றாக வளர்ந்து அதைக் காட்டிவிட்டது. கஷ்டம் அரசின் கடனில் இருக்கிறது. பாகிஸ்தான் அரசு உள்நாட்டு வங்கிகளிடமிருந்தே ஏராளமாக வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறது. அதையெல்லாம் சுகூக்காக மாற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாலை, ஒரு விமான நிலையம், ஒரு அணை என்று நிஜச் சொத்து வேண்டும். 2022 ஜனவரியில் 100 கோடி டாலர் சுகூக்குக்காக லாகூர் இஸ்லாமாபாத் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியைக் காட்டினார்கள். அதே நெடுஞ்சாலையை அதற்கு முன்பும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பட்ஜெட் பற்றாக்குறைக்காக, சம்பளத்துக்கும் பழைய வட்டிக்கும் வாங்கிய கடனுக்குப் பின்னால் எந்தச் சொத்தும் இல்லை. வெளிநாட்டுக் கடனுக்கும் சர்வதேச நிதியத்துக்கும் கட்டும் வட்டி தனிக் கணக்கு. 2028க்குள் அந்நாடு எந்தச் சொத்தைக் காட்டப்போகிறது, காட்டியதில் எவ்வளவு நிஜமான விற்பனை என்பதைத்தான் மற்ற முஸ்லிம் நாடுகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.